மூக்குக்கண்ணாடி இல்லாமல் தரங்கம்பாடி

முதலில் ஒரு விஷயம்: வெள்ளிக்கிழமை போகாதீர்கள். தரங்கம்பாடி டேனிஷ் கோட்டைக்கு வாரத்தில் அன்றைக்குத்தான் விடுமுறை. நாங்களும் வெள்ளிக்கிழமை போவதாகத்தான் இருந்தது. எங்கள் அச்சகத்தில் பைண்டிங் பார்ப்பவருக்குப் பொறையாறில் மாமனார் வீடு. அவர் சொல்லித்தான் சனிக்கிழமைக்கு மாற்றினோம்.

கும்பகோணத்தில் எனக்குச் சின்னதாக ஒரு அச்சகம். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கருமாதிப் பத்திரிகை, இவ்வளவுதான் வேலை. கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் நானும் இவளும் சேர்ந்து எங்கேயாவது போனோம் என்றால் அது யார் வீட்டு விசேஷமாகவாவது இருக்கும், அதுவும் பாதிக்கு மேல் நாங்களே பத்திரிகை அடித்த விசேஷம். காரணம் ஒன்றும் இல்லாமல், இரண்டு பேர் மட்டும் ஒரு ஊருக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்புவது இதுதான் முதல் தடவை. மகள்தான் பிடிவாதமாக அனுப்பி வைத்தாள். மாசிமகக் கூட்டம் வடிந்த மறுவாரம், காலை ஆறு மணி பஸ்ஸில் கிளம்பினோம்.

மயிலாடுதுறையில் பஸ் மாறி, செம்பனார்கோயில் தாண்டும்போது சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கிறேன், மூக்குக்கண்ணாடி இல்லை. ராத்திரி புரூஃப் பார்த்த மேஜையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். தூரத்தில் கடல் தெரியும், கப்பல் தெரியும். கையில் இருக்கிற டிக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. “ஆயுசு பூரா எழுத்துப் பிழை பார்த்தது போதும், இன்னைக்கு நான் படிக்கிறேன், நீங்க கேளுங்க” என்றாள். ஆகவே இதில் நான் சொல்லப்போகிற போர்டு, கல்லறை வாசகம், சாப்பாட்டு பில் எல்லாமே இவள் வாசித்து நான் கேட்டவை. பிழை இருந்தால் அவள் பொறுப்பு.

மயிலாடுதுறையிலிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். சம்பா அறுத்த வயலில் உளுந்தும் பயறும் பச்சையாகப் படர்ந்து கிடந்தன. ரோட்டோரம் வைக்கோல் கட்டுகள். இந்தப் பாதையில் ஒரு காலத்தில் ரயில் ஓடியது. 1926-ல் போட்ட மீட்டர் கேஜ் லைன், 1986-ல் நிறுத்திவிட்டார்கள். சின்ன வயதில் அப்பாவோடு அதில் ஒரு தடவை போயிருக்கிறேன். ஆக்கூரில் நின்றதும், ஜன்னலில் கரி பறந்து சட்டையில் ஒட்டியதும்தான் நினைவில் இருக்கிறது. கடலைப் பார்த்தது நினைவில் இல்லை. இப்போது திருக்கடையூர் வந்ததும் பஸ்ஸில் முக்கால்வாசிக் கூட்டம் இறங்கிவிடுகிறது. அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் செய்துகொள்ள வந்தவர்களும் அவர்களுடைய பேரன் பேத்திகளும்தான். “உங்களுக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கு” என்று இவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். அங்கிருந்து தரங்கம்பாடி கூப்பிடு தூரம் மாதிரிதான்.

மெயின் ரோட்டில் இறங்கிக் கிழக்கே நடந்தால் வெள்ளையடித்த ஒரு வாசல் வரும். டேனிஷ்காரர்களின் ஊர் வாசல், இப்போது இருப்பது 1792-ல் கட்டியது. அதற்குள் நுழைந்தவுடன் சத்தம் குறைந்துவிடுகிறது. மிகைப்படுத்தவில்லை. வாசலுக்கு வெளியே பஸ் ஹாரன், டீக்கடைப் பாட்டு. உள்ளே ராஜ வீதியில் காக்கையும் எங்கள் செருப்புச் சத்தமும். இரண்டு பக்கமும் சர்ச், பள்ளிக்கூடம், தூண் வைத்த பழைய பங்களாக்கள். நேரே பார்த்தால் வீதியின் முடிவில் நீலமாகக் கடல். ஆட்டோ கேட்டு யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வாசலிலிருந்து கடற்கரைக்குப் பேசிக்கொண்டே நடந்தாலும் பத்து நிமிஷம்தான்.

கோட்டையைப் பற்றி. கேரளத்துக் கோட்டையோ செஞ்சிக் கோட்டையோ மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாந்துபோவீர்கள். இது ஒரு பெரிய பண்டகசாலை மாதிரியான கட்டடம், சுற்றி மதில், நடுவில் முற்றம், அவ்வளவுதான். ஆனால் அதைக் கட்டிய கதை சுவாரசியம். 1620-ல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் டேனிஷ்காரர்கள் இந்த இடத்தை வாங்கினார்கள். வாங்கினார்கள் என்றால் குத்தகைக்கு. வருஷ வாடகை 3,111 ரூபாய் என்று சொல்வார்கள். இவள் அதைக் கேட்டதும் நின்றுவிட்டாள். “மொய் எழுதுற மாதிரி ஒண்ணுல முடிச்சிருக்காங்களே!” எனக்கு இத்தனை வருஷம் தோன்றவில்லை. அப்போது நாயக்கர் டென்மார்க் ராஜா நான்காம் கிறிஸ்டியனுக்குத் தங்கத் தகட்டில் ஒரு கடிதம் எழுதி அனுப்பினார். அது இன்னும் அந்த நாட்டு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. கும்பகோணத்தில் தங்க மையில் பத்திரிகை அடித்திருக்கிறேன், வெல்வெட் பெட்டியில் வைத்துக் கொடுத்திருக்கிறேன். தங்கத்திலேயே அடிக்கச் சொல்லி இதுவரை யாரும் வரவில்லை.

டிக்கெட் ஒரு டீ விலைகூட இல்லை. கீழே ஒட்டக முதுகு போல வளைந்த கூரை போட்ட அறைகள்: சமையல், சரக்கு, குதிரை, சிறை. வெளியே ஒன்பதரை மணிக்கே வெயில் உறைத்தது, அந்த அறைகளுக்குள் கால் வைத்ததும் பானைத் தண்ணீரைத் தொட்ட மாதிரி ஜில்லென்று இருந்தது. செங்கல்லும் சுண்ணாம்பும் செய்கிற வேலை. எங்கள் தெருவில் இப்போது கட்டுகிற கான்கிரீட் வீட்டில் ஏசி இல்லாமல் மத்தியானம் உட்கார முடியவில்லை என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொண்டேன்.

மேலே மியூசியம், மாநிலத் தொல்லியல் துறையுடையது. பீங்கான் தட்டுகள், சீனத்து ஜாடிகள், வாள், ஈட்டி, சுதைப் பொம்மை, மரச் சாமான்கள், கையெழுத்துச் சுவடிகள். ஒரு திமிங்கலத்தின் எலும்பும் வைத்திருக்கிறார்கள். வாள்களைச் சீக்கிரம் தாண்டிவிட்டோம். ஜாடிகளிடம் இவள் நின்றாள். ஊறுகாய் ஜாடியில் எது உப்பைத் தாங்கும், எது விரிசல் விடும் என்று அவளுக்கு ஒரு கணக்கு உண்டு. “மூடிதான் இல்லை” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு நகர்ந்தாள். ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், போதும். பார்த்து முடித்ததும் மேல்தளத்தில் கடல் பக்கமாக நில்லுங்கள். பீரங்கி, அப்பால் மணல், அப்பால் கடல். இந்த ஊரையும் வங்காளத்துச் சேரம்பூரையும் சேர்த்து 1845-ல் டேனிஷ்காரர்கள் இங்கிலீஷ்காரர்களுக்கு 12.5 லட்ச ரூபாய்க்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு ரயில் நாகப்பட்டினத்துக்குப் போனது, வியாபாரமும் அந்தப் பக்கம் போனது. ஊர் தப்பித்தது என்றுதான் எனக்குத் தோன்றியது. வளர்ந்திருந்தால் இந்த வீதி இப்படி இருந்திருக்காது.

சுற்றிலும் கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ எடுக்கிற ஜோடிகள். ஒரே காலையில் மூன்று. ஒரு பெண் அந்த வெயிலில் கனத்த கவுன் போட்டுக்கொண்டு மதில் மேல் நிற்க, கேமராக்காரர் “இன்னும் கொஞ்சம் சிரிங்க மேடம்” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அந்தப் பையன் எங்களிடம் வந்து தண்ணீர் பாட்டில் வாங்கிக் குடித்தான். பத்திரிகை எங்கே அடிக்கிறீர்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. இவள் முழங்கையால் இடித்தாள். அதனால் கேட்கவில்லை.

நான் வந்ததே உண்மையில் கோட்டைக்காக இல்லை, சர்ச்சுக்காக. நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. ஆனால் தமிழில் அச்சுத் தொழில் செய்கிற எவனும் ஒரு தடவையாவது இங்கே வந்து கும்பிட வேண்டும் என்று எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த முதலாளி சொல்லுவார். சீகன்பால்கு என்ற ஜெர்மன் பாதிரியார், டேனிஷ் ராஜா அனுப்பி, 1706 ஜூலை 9-ஆம் தேதி இங்கே வந்து இறங்கினார். வயது இருபத்து நான்கு இருக்கும். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் குழந்தைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தார். கவர்னரோடு ஒத்துப்போகாமல் நாலு மாதம் அதே கோட்டையில் சிறையிலும் இருந்தார். நாங்கள் ஜில்லென்று இருக்கிறதே என்று ரசித்தோமே, அந்தக் கட்டடம்தான்.

தமிழ் அச்சு அதற்கு முன்னாலும் உண்டு. 1578-லேயே போர்த்துக்கீசியப் பாதிரிமார்கள் கொல்லத்தில் தமிழ்ப் புத்தகம் அடித்துவிட்டார்கள். அது பாதியில் நின்றுபோன தொழில். தரங்கம்பாடியில்தான் பிடித்துக்கொண்டது. லண்டனிலிருந்து ஒரு சங்கம் அச்சு இயந்திரம் அனுப்ப, வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்துக்கொள்ள, கூட வந்த அச்சுக்காரர் பாதிக் கடலில் செத்துப்போக, இயந்திரம் மட்டும் 1712-ல் வந்து சேர்ந்தது. தமிழ் எழுத்து ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் வார்த்து வந்தது. வந்த எழுத்து பெரிசு! அதை வைத்துப் புதிய ஏற்பாட்டை அடித்தால் காகிதம் கட்டுப்படியாகாது. அப்புறம் இங்கேயே சின்னதாக வார்த்தார்கள். ஈயத்துக்கு எங்கே போவது? லண்டனிலிருந்து பாலாடைக்கட்டி வந்த டின்களின் ஈய மூடியை உருக்கினார்கள் என்று சொல்வார்கள். 1715-க்குள் புத்தகம் அடித்து முடித்துவிட்டார்கள்.

இதைச் சொன்னால் மற்றவர்களுக்குக் கதை. எனக்கு அப்படி இல்லை. 2006-ல் என்னுடைய டிரெடில் மிஷினை இரும்புக் கடைக்குப் போட்டபோது கூடவே ஈய எழுத்து அத்தனையும் கிலோ கணக்கில் எடை போட்டுக் கொடுத்தேன். சாக்கில் கட்டித் தூக்க முடியாமல் இரண்டு ஆள் தூக்கினார்கள். ‘ஸ்ரீ’ ஒன்றும் பிள்ளையார் சுழி ஒன்றும் மட்டும் இவள் எடுத்து அஞ்சறைப் பெட்டிக்குள் போட்டு வைத்தாள். இன்னும் அங்கேதான், கடுகோடு கிடக்கின்றன.

ராஜ வீதியில் இருக்கிற புதிய எருசலேம் ஆலயம் 1718-ல் சீகன்பால்கு கட்டியது. முகப்பில் டேனிஷ் ராஜாவின் கிரீட முத்திரை. நாங்கள் போனபோது கதவு சாத்தியிருந்தது, வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பெரியவர், “எங்கேருந்து வர்றீங்க?” என்று மட்டும் கேட்டுவிட்டுத் திறந்துவிட்டார். உள்ளே யாரும் இல்லை. வெள்ளைச் சுவர், மர பெஞ்சு, பலிபீடத்துக்கு முன்னால் அவருடைய கல்லறை. 1719-ல் முப்பத்தாறு வயதில் போய்விட்டார். இவள் குனிந்து வருஷத்தை வாசித்துக் கணக்குப் போட்டு, “நம்ம மாப்பிள்ளை வயசுங்க” என்றாள். அதற்கு மேல் நாங்கள் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தோம். எதிரே சற்றுத் தள்ளி இருக்கிற சீயோன் ஆலயம் இதைவிடப் பழசு, 1701. அதை வெளியிலிருந்துதான் பார்த்தோம். சீகன்பால்கு வாழ்ந்த வீட்டை மியூசியமாக்கியிருக்கிறார்கள். அச்சுத் தொழிலில் பிழைப்பவர்கள் அதையும் விடாதீர்கள். அங்கே நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்பதை இவள் எழுத வேண்டாம் என்கிறாள்.

சாப்பாடு. இங்கேதான் அன்றைய தினத்தின் சறுக்கல். காலையில் இவள் தயிர்சாதம் கட்டுகிறேன் என்றாள். ஒரு நாளாவது அடுப்படியை விட்டு வா என்று பெரிய மனுஷன் மாதிரி நான் தடுத்தேன். மெயின் ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் மீன் சாப்பாடு. பெயர் வேண்டாம். குழம்பு குறை சொல்ல முடியாது, புளியும் மிளகாயும் சரியாக இருந்தன. வறுவல்தான். வஞ்சிரம் என்று சொல்லி ஒரு துண்டுக்கு 120 ரூபாய். இவள் சீர்காழிப் பக்கம் கடலோரத்தில் பிறந்தவள், மீனில் இவளை ஏமாற்ற முடியாது. ஒரு விள்ளல் வாயில் வைத்தாள். “பாறை மீன். காலைல வறுத்தது, திரும்ப எண்ணெயில போட்டிருக்காங்க” என்றாள், கடைக்காரருக்குக் கேட்கிற அளவுக்கு. அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பில்லில் வஞ்சிரம் என்றே போட்டிருப்பதாக வாசித்துக் காட்டினாள். கொடுத்துவிட்டு வந்தோம். மீன் மேல் ஆசை இருந்தால் காலையிலேயே படகு வருகிற இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு, சமைத்துத் தருகிற வீட்டுக் கடையாக விசாரித்துப் போங்கள். இல்லை, தயிர்சாதம் கட்டிக்கொண்டு போங்கள். கழிப்பறை விஷயத்தையும் எழுதச் சொன்னாள்: கடற்கரைக்குப் போன பிறகு தேட வேண்டாம், சாப்பிடுகிற இடத்திலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள்.

மத்தியானம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை அந்த ஊரில் வெளியே நிற்க முடியாது. நிழல் குறைவு. குடை எடுத்துப் போகாதது எங்கள் தப்பு. சர்ச் வளாகத்து மரத்தடியில் உட்கார்ந்து இவள் ஒரு தூக்கம் போட்டாள்.

மூன்றரைக்குக் கடற்கரைக்குத் திரும்பினோம். கோட்டைக்குப் பக்கத்திலேயே கரையோரம் மாசிலாமணிநாதர் கோயில். பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலம், அதாவது 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். கோட்டையைவிட முந்நூறு வருஷம் மூத்தது. கல்வெட்டில் ஊர்ப்பெயர் சடங்கன்பாடி. முன்பக்கம் கடல் கொண்டுபோனது போக மிச்சத்தை வைத்துத் திருப்பணி செய்திருக்கிறார்கள். சந்நிதியில் நின்றுகொண்டு திரும்பினால் பாறையில் அலை அடித்துத் தண்ணீர் தெறிக்கிறது. பத்துப் பேர் நின்றால் நிறைந்துவிடும் இடம். கும்பகோணத்தில் இருந்துகொண்டு கோயிலைப் பற்றிப் பெருமை பேசக் கூடாதுதான், ஆனாலும் தீபாராதனை மணியோடு அலைச் சத்தமும் சேர்ந்து கேட்கிற கோயில் எங்கள் ஊரில் கிடையாது. இவள் வெளியே வந்து நெற்றியில் விபூதி வைத்துவிட்டு, “இவர் ஒருத்தர்தான் இங்கே எதையும் விட்டுட்டுப் போகலை” என்றாள்.

கரையெங்கும் பெரிய பெரிய கருங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி இந்த ஊரில் என்ன செய்தது என்பது டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கற்களின் மேல் நடக்காதீர்கள், பாசி வழுக்கும். குளிப்பதற்கு ஏற்ற கடலும் இல்லை. கால் நனைக்க மட்டும் மணல் இருக்கிற இடமாகப் பார்த்து இறங்கினோம். இவள் புடவையைக் கணுக்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, அலை வரும்போது பின்னால் ஓடி, போகும்போது முன்னால் போய், பதினைந்து நிமிஷம் அதே விளையாட்டு. கடலோரத்தில் பிறந்தவளுக்கு என்ன புதுசு என்று கேட்டேன். “அங்கே அப்பா விடமாட்டார்” என்றாள்.

இந்தக் கடற்கரையில் ஓசோன் காற்று நிறைய இருக்கிறது, நோய் தீரும் என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். இவளும் நன்றாக இழுத்து மூச்சு விட்டாள். மகள் கெமிஸ்ட்ரி டீச்சர். போனில் சொன்னதும் சிரித்தாள். ஓசோன் மூச்சில் அதிகம் போனால் இருமல்தான் வருமாம், அது மேலே வானத்தில் இருந்தால்தான் நல்லதாம், கடலின் வாசம் வேறு சமாசாரமாம். இருக்கட்டும். நான் சொல்வது இவ்வளவுதான்: நாலரை மணிக்கு அந்தக் காற்று வர ஆரம்பித்தபோது, காலையிலிருந்து விண் விண் என்று தெறித்துக்கொண்டிருந்த என் தலைவலி போய்விட்டது. கண்ணாடி போடாமல் ஒரு நாள் இருந்ததாலும் இருக்கலாம்.

வெள்ளரிப் பிஞ்சும் சுண்டலும் வாங்கிக்கொண்டு ஐந்தரை வரை உட்கார்ந்திருந்தோம். பேசியது அதிகம் இல்லை. இங்கே பொழுது சாய்வதைக் கடலில் பார்க்க முடியாது, சூரியன் முதுகுப் பக்கம் கோட்டைக்குப் பின்னால் இறங்கும். ஆனால் கோட்டைச் சுவரின் நிறம் மாறுவதைப் பார்க்கலாம். காலையில் வெளிறிக் கிடந்த சுவர் சந்தனம் அரைத்துப் பூசிய மாதிரி ஆனது. அப்போதுதான் அந்தப் போட்டோ ஜோடிகள் வந்திருக்க வேண்டும். காலையில் வந்து காய்ந்துவிட்டுப் போய்விட்டார்கள், பாவம்.

மார்க் போடச் சொன்னால் கோட்டைக்குப் பத்துக்கு ஆறு, சர்ச்சுக்கு ஒன்பது, ராஜ வீதிக்கு ஒன்பது, சாப்பாட்டுக்கு இரண்டு, அதுவும் குழம்புக்காக. இவள் கோயிலுக்குப் பத்து போடச் சொன்னாள். குழந்தைகளைக் கூட்டிப்போனால் ஊஞ்சல் எங்கே, ரைடு எங்கே என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். பூம்புகாரையும் சேர்த்துக் காரில் ஒரே நாளில் முடிக்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் இரண்டையும் பார்க்க மாட்டார்கள். செலவு, இரண்டு பேருக்கும் பஸ், டிக்கெட், சாப்பாடு, சுண்டல் எல்லாம் சேர்த்து எழுநூற்றுச் சொச்சம். அதில் நூற்றிருபது அந்தப் பாறை மீனுக்கு.

திரும்பும்போது மயிலாடுதுறை பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. வைத்தீஸ்வரன்கோயிலில் கல்யாணம் வைத்திருக்கிற ஒரு பார்ட்டி வாட்ஸப்பில் பத்திரிகையின் கடைசி புரூஃபை அனுப்பி, நாளை காலை அடிக்கலாமா என்று கேட்டிருந்தார். எனக்குத்தான் தெரியாதே; போனை இவளிடம் கொடுத்தேன். கல்லறை வாசித்த அதே குரலில் ஒவ்வொரு வரியாக வாசித்துக்கொண்டு வந்தவள் பாதியில் நிறுத்தினாள். மாப்பிள்ளையின் அப்பா பெயருக்கு முன்னால் இனிஷியல் விட்டுப்போயிருக்கிறது என்றாள்.

முந்தின நாள் ராத்திரி கண்ணாடி போட்டுக்கொண்டு நான் பார்த்து, சரி என்று சொன்ன புரூஃப் அது.